பிறர் செய்த அநீதிக்கு நூல், நாம் செய்த அநீதிக்கு நெருப்பா?



சில மாதங்களுக்கு முன், மஃரிப் தொழுகைக்குப் பின்னர், எங்கள் மஹல்லாவின் பெரியவர்கள் மூவர் என்னைத் தேடி வந்தார்கள். அவர்களிடம் ஒரு நீளமான கோடுபோட்ட நோட்டு இருந்தது. சிறுமியாக இருந்தபோது என்னிடம் குர்ஆன் ஓதக் கற்றுக்கொண்ட ஒரு பெண் எழுதியது அது. இன்று அவள் இரண்டு பிள்ளைகளின் தாய். கணவனால் தலாக் சொல்லப்பட்டவள்.

“ஹஜ்ரத், உங்கள் பேச்சை அவள் தட்டமாட்டாள். இதை அச்சில் கொண்டுவரப் போகிறாளாம். ஊர் மானம் போய்விடும். கொளுத்திவிடச் சொல்லுங்கள்” என்றார் மூவரில் மூத்தவர்.

அன்றிரவு இஷாவுக்குப் பின் அமர்ந்து அதை முழுவதும் படித்தேன். தீனைப் பழிக்கும் ஒரு சொல்லும் அதில் இல்லை. எவருடைய பெயரும் இல்லை. தலாக் விவகாரத்தில் ஜமாஅத்தார் கணவன் வீட்டாரை மட்டும் அழைத்து விசாரித்தார்கள் என்றும், தன்னையோ தன் தரப்பில் ஒருவரையோ அழைக்கவில்லை என்றும், தந்தை போட்ட நகைகள் திரும்பவில்லை என்றும் எழுதியிருந்தாள். கணவன் தரப்பில் ஒரு நடுவரும் மனைவி தரப்பில் ஒரு நடுவரும் வேண்டும் என்று கட்டளையிடும் இறைவசனத்தை (4:35) நினைவூட்டி, என் தரப்பு நடுவர் எங்கே என்று கேட்டிருந்தாள். நோட்டு முழுவதிலும் இருந்த கேள்வி இது ஒன்றுதான்.

இதில் என்னை உலுக்கியது வேறொன்று. அதே பெரியவர்கள்தாம் சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் பேச்சுப்போட்டி நடத்தி, வென்ற பிள்ளைகளுக்கு மால்கம் எக்ஸின் வாழ்க்கை வரலாற்றைப் பரிசளித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஃபலஸ்தீன எழுத்தாளர்களைப் பற்றி ஒரு சொற்பொழிவுக்கும் ஏற்பாடு செய்தார்கள். அநீதிக்கு எதிரான எழுத்து நம் இளைஞர்களின் கையில் சேர வேண்டும் என்று அந்த மேடையில் முழங்கியவர்களில் ஒருவர்தாம் இந்த நோட்டைக் கொளுத்தச் சொன்னார்.

இந்த முரண்பாட்டைப் பற்றியே இக்கட்டுரை. பிறர் நமக்கு இழைத்த அநீதியைச் சொல்லும் கதையையும் சுயசரிதையையும் நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறோம். நாம் நம்மவருக்கு இழைத்த அநீதியைச் சொல்லும் கதையையும் சுயசரிதையையும் காட்டிக்கொடுத்தல் என்கிறோம். இது நீதியன்று, வெறும் இனப்பற்று. நபி (ஸல்) அவர்கள் காலடியில் போட்டு மிதித்த அஸபிய்யத் இதுதான்.

முதலில், கதை என்பதே பொய், பொய் ஹராம் என்று சொல்லும் என் சக உஸ்தாதுகளுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு அரபு மத்ரஸாக்கள் பலவற்றில் ஹரீரியின் மகாமாத் தலைமுறை தலைமுறையாகப் பாடநூலாக இருந்துவந்திருக்கிறது. ஹிஜ்ரி 516 இல் மறைந்த பஸ்ராவின் ஹரீரி எழுதிய 50 மகாமாக்களும் கற்பனைகளே. அதன் முதல் மகாமாவில் என்ன நடக்கிறது? சன்ஆ நகரில் ஒருவன் மக்கள் கண்ணீர் சிந்தும்படி உபதேசம் செய்கிறான். அவர்கள் அள்ளிக் கொடுத்த காசை வாங்கிக்கொண்டு நழுவுகிறான். ஹாரித் இப்னு ஹம்மாம் அவனைப் பின்தொடர்ந்து சென்று பார்த்தால், அவன் ஒரு குகைக்குள் பொரித்த இறைச்சியோடும் மதுக்குடத்தோடும் அமர்ந்திருக்கிறான். மார்க்கத்தை விற்றுப் பிழைக்கும் போலி உபதேசியை உரித்துக் காட்டும் இக்கதையை வருங்கால ஆலிம்களுக்கே பாடமாக வைத்தார்கள் நம் முன்னோர். இஸ்லாத்துக்கு இழுக்கு வந்துவிட்டது என்று அவர்கள் அஞ்சவில்லை. அரபியில் ஹரீரி எழுதினால் இலக்கியம், அதையே தமிழில் நம்மூர்க்காரர் எழுதினால் துரோகம் என்பது எந்த மத்ஹபின் சட்டம்?

சுயசரிதையும் நமக்குப் புதியதன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் ‘அல்முன்கித்’ நூலில் தம்மையே விசாரணைக் கூண்டில் நிறுத்துகிறார்கள். பக்தாதின் நிஜாமிய்யாவில் பெரும் புகழோடு பாடம் நடத்திய நாட்களில், தம் நிய்யத் அல்லாஹ்வுக்காக மட்டும் இல்லை என்றும், பேரும் புகழும் அதில் கலந்திருந்தன என்றும் ஒப்புக்கொள்கிறார்கள். ஹிஜ்ரி 488 இல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார்கள். ஓர் இமாம் தமக்கு எதிராகத் தாமே அளித்த சாட்சியம் அது. அதனால் அவர்களுடைய கண்ணியம் குறைந்ததா, உயர்ந்ததா?

அடுத்து, இவ்விரண்டுக்கும் மேலான ஆதாரத்துக்கு வருவோம். கதைகளில் மிக அழகியது என்று அல்லாஹ்வே அழைத்த வரலாறு யூசுஃப் (அலை) அவர்களுடையது (12:3). அதில் அநீதி எங்கே தொடங்குகிறது? எதிரியின் படையிலா, அந்நியனின் அரண்மனையிலா? ஒரு நபியின் வீட்டுக்குள், ஒரே தந்தையின் பிள்ளைகளிடையே தொடங்குகிறது. தம்பியைக் கிணற்றில் போட்டுவிட்டு, சட்டையில் பொய் இரத்தம் தோய்த்து, ஓநாயின் மேல் பழிபோட்டவர்கள் நபியின் மக்கள். குடும்ப மானம் கருதி அல்லாஹ் அதை மறைக்கவில்லை. கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் பதிந்து வைத்தான். ஏன்? உண்மை வெளிப்படாமல் தவ்பாவும் இல்லை, மன்னிப்பும் இல்லை என்பதால் அல்லவா? யூசுஃப் (அலை) அவர்கள் சகோதரர்களைப் பழிக்காமல் மன்னித்தது, அவர்கள் தம் குற்றத்தை வாய்விட்டு ஒப்புக்கொண்ட பின்னர்தான்.

இன்னொன்றும் அங்கே உண்டு. அரசன் அழைத்தான், சிறைக்கதவு திறந்தது. யூசுஃப் (அலை) உடனே வெளியேறவில்லை. தம் கைகளை அறுத்துக்கொண்ட அந்தப் பெண்களின் செய்தி என்ன என்று முதலில் விசாரிக்கும்படி தூதரைத் திருப்பி அனுப்பினார்கள் (12:50). விடுதலையைவிட, தம்மைப் பற்றிய உண்மை பதிவாவதை முன்னே வைத்தார்கள். தனக்கு நேர்ந்ததை எழுதிவைக்க விரும்பும் ஒவ்வொரு மஜ்லூமும் கேட்பது இதைத்தான்.

இப்போது நாம் கொண்டாடும் நூல்களைத் திறந்து பார்ப்போம். அவற்றை நாம் உண்மையிலேயே படித்தோமா என்பதே என் ஐயம்.

மால்கம் எக்ஸ், அலெக்ஸ் ஹேலியின் துணையோடு உருவாக்கிய சுயசரிதை, அவர் கொல்லப்பட்ட 1965 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. நம் பயான்களில் அதிலிருந்து ஓர் அத்தியாயம் மட்டும் மறவாமல் இடம்பெறும்: 1964 இல் அவர் ஹஜ் சென்றதும், வெள்ளை நிற முஸ்லிம்களோடு ஒரே தட்டில் உண்டதும், அவருடைய பார்வை மாறியதும். மாஷா அல்லாஹ், அது அழகிய அத்தியாயம்தான். ஆனால் அதற்கு முந்தைய பக்கங்களை ஏன் தாண்டிச் செல்கிறோம்? ஏறத்தாழ 12 ஆண்டுகள் தாம் உழைத்த ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ இயக்கத்தையும், தந்தையைப்போல் மதித்த அதன் தலைவர் எலிஜா முஹம்மதையும் பற்றிய உண்மையை அவர் அப்பக்கங்களில் சொல்கிறார். தம் காரியதரிசிகளான இளம்பெண்களிடம் அத்தலைவர் நடந்துகொண்ட விதத்தை அறிந்ததும் மால்கமின் உலகம் இடிந்தது. அமெரிக்காவின் இனவெறிக்கு எதிராகப் போராடும் ஓர் அமைப்பின் உட்கதையை வெளியே சொன்னால் வெள்ளையருக்கு வாய்ப்பாகிவிடும் என்று அவரிடமும் சொல்லியிருப்பார்கள். அவர் வாய்மூடி இருக்கவில்லை. தம் திருட்டையும் சிறைவாசத்தையும்கூட அந்நூலில் அவர் மறைக்கவில்லை. தமக்கும் தம்மவருக்கும் எதிராகச் சாட்சி சொன்னதால்தான் அமெரிக்காவுக்கு எதிரான அவருடைய சாட்சியை உலகம் நம்பியது.

ஃபலஸ்தீனின் கஸ்ஸான் கனஃபானியை எடுத்துக்கொள்வோம். 1936 இல் அக்கா நகரில் பிறந்து, 12 வயதில் தாயகத்தை இழந்து, 1972 இல் பெய்ரூத்தில் கார்க்குண்டுக்குப் பலியானவர். 1963 இல் வெளிவந்த அவருடைய ‘ரிஜாலுன் ஃபிஷ் ஷம்ஸ்’ என்னும் குறுநாவலில், பிழைப்புத் தேடிக் குவைத்துக்குச் செல்ல விரும்பும் மூன்று ஃபலஸ்தீனர்கள் ஒரு லாரியின் வெற்றுத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளிந்து எல்லையைக் கடக்க முயல்கிறார்கள். கொளுத்தும் வெயிலில், எல்லைச் சாவடியில் அதிகாரிகள் ஓட்டுநரை நிறுத்திவைத்துக் கேலி பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், தொட்டிக்குள் மூவரும் மூச்சுமுட்டி இறக்கிறார்கள். ஓட்டுநர் அவர்களின் உடல்களைக் குப்பைமேட்டில் போடுகிறார். சட்டைப்பையிலிருந்த பணத்தையும் எடுத்துக்கொள்கிறார். தொட்டியின் சுவரை நீங்கள் ஏன் தட்டவில்லை என்னும் அவருடைய கதறலோடு கதை முடிகிறது.

கவனியுங்கள். அவர்களை அகதிகளாக்கியது ஆக்கிரமிப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் அந்த ஓட்டுநர் ஃபலஸ்தீனர். பேரம் பேசிக் காசு கறக்கும் கடத்தல்காரன் அரபி. சாவடியில் சிரித்துப் பேசிய அதிகாரிகளும் அரபிகள். யூதனை மட்டும் குற்றவாளியாக்கிக் கதையை முடித்திருந்தால் கனஃபானிக்குக் கைதட்டல் எளிதில் கிடைத்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. தம் மக்களின் துயரத்தில் தம் மக்களுக்கே இருந்த பங்கையும் சொன்னார். அவரை நாம் தியாகி என்கிறோம். சரிதான். அப்படியானால் நம்மூர்க் கனஃபானிகளை நாம் என்னவென்று அழைத்தோம்?

தோப்பில் முஹம்மது மீரான் (1944–2019) குமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்துக்காரர். அவருடைய ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்து, 1988 இல் நூலாயிற்று. செல்வமும் ஆதிக்கமும் ஒருவர் கையில் குவிந்த ஊர். அவர் சொல்லே பள்ளிவாசலின் சட்டம். ஊருக்குள் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வருவது அவருக்கு ஆகாது. அவரை எதிர்த்து நிற்பவர் சுறாப்பீலி வியாபாரம் செய்யும் எளிய மனிதர் ஒருவர். இதில் எங்கே இஸ்லாத்தின் மீது தாக்குதல்? ஏழைக்கொரு நீதி, முதலாளிக்கொரு நீதி என்று நடப்பதை எதிர்ப்பது இஸ்லாம் இல்லையென்றால் வேறு எது இஸ்லாம்? உயர்குலத்துப் பெண் திருடியபோது பரிந்துரைக்கு வந்தவர்களிடம், தம் மகள் ஃபாத்திமாவே திருடியிருந்தாலும் தண்டனை மாறாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன ஹதீஸை மிம்பரில் ஓதுகிறோம். அதே கருத்தை ஒரு நாவல் சொன்னால் முகம் சுளிக்கிறோம். 1997 இல் ‘சாய்வு நாற்காலி’க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்த பின்னரே நம்மில் பலர் அவரை நம்மவர் என்றார்கள்.

2004 இல் சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வந்தது. இங்கே நான் என்னையே குற்றவாளியாக நிறுத்த வேண்டும். அந்நூலைப் படிக்கக்கூடாது என்று பெற்றோர்களிடம் நான் சொன்னதுண்டு. அப்போது அதன் ஒரு பக்கத்தைக்கூட நான் படித்திருக்கவில்லை. யாரோ சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒரு தரப்பைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நான், எந்தத் தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொன்னேன். பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான் படித்தேன். அதில் சில பகுதிகள் எனக்கு உவப்பில்லாதவை. இளம் பிள்ளைகள் கையில் கொடுக்க நான் இன்றும் தயங்குவேன். ஆனால் பெண்பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுபோவதும், மணமகளின் மனம் அறியாமலே நிக்காஹ் முடிவாவதும் அந்த நாவலாசிரியர் கட்டிய பொய்களா? தந்தை தன் சம்மதமின்றி மணமுடித்துவைத்தார் என்று முறையிட்ட கன்ஸா (ரளி) அவர்களின் நிக்காஹை நபி (ஸல்) அவர்கள் ரத்துச் செய்தார்கள். புகாரியில் உள்ள செய்தி இது. அப்படியென்றால் அந்த நாவல் குற்றம் சாட்டுவது ஷரீஅத்தையா, ஷரீஅத்தை மீறிய நம் வழக்கத்தையா?

இனி, எதிர்வாதங்களுக்கு வருகிறேன். அவற்றை அற்பமென்று நான் ஒதுக்கவில்லை.

முதலாவது, இது கீபத், புறம்பேசுதல் என்பார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், கீபத் அனுமதிக்கப்படும் ஆறு சூழல்களைப் பட்டியலிடுகிறார்கள். அவற்றுள் முதலாவதே அநீதி இழைக்கப்பட்டவரின் முறையீடு. தீய சொல் பகிரங்கமாகப் பேசப்படுவதை அல்லாஹ் விரும்புவதில்லை, ஆனால் அநீதி இழைக்கப்பட்டவர் அதில் விதிவிலக்கு என்பது இறைவசனத்தின் கருத்து (4:148). அல்லாஹ் மஜ்லூமுக்குத் திறந்துவைத்த வாயை அடைக்க நாம் யார்?

இரண்டாவது, முஸ்லிமின் குறையை மறைப்பவனின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்னும் ஹதீஸைக் காட்டுவார்கள். உண்மை. ஆனால் அது ஒருவன் தனக்கும் தன் ரப்புக்கும் இடையே செய்த பாவத்தைப் பற்றியது. அடுத்தவரின் உரிமையைப் பறித்ததை மறைப்பது, குறையை மறைப்பதாகாது, பறித்தவனுக்குத் துணைபோவதாகும். அநியாயக்காரனான சகோதரனுக்கும் உதவுங்கள் என்ற நபி (ஸல்) அவர்கள், அவனுடைய கையைத் தடுப்பதே அந்த உதவி என்று விளக்கமும் தந்தார்கள்.

மூன்றாவது வாதமே கனமானது. நம்மை இழிவுபடுத்தக் காத்திருப்பவர்களின் கையில் இது ஆயுதமாகிவிடுமே என்கிறார்கள். இந்த அச்சத்தை நான் அறிவேன். நம்மீது வெறுப்பைப் பரப்புவோர் இருக்கிறார்கள். ஒரு வரியைப் பிய்த்தெடுத்துப் பரப்பவும் செய்வார்கள். ஆனால் குர்ஆன் இறங்கிய மதீனாவில் எதிரிகள் இல்லையா? அன்ஸாரிக் குலமொன்றைச் சேர்ந்த ஒருவன் கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மேல் போட்டான் என்றும், அவனைக் காப்பாற்ற அவனுடைய குலத்தார் நபி (ஸல்) அவர்களிடம் வாதாடினர் என்றும் தஃப்ஸீர் நூல்கள் பல குறிப்பிடுகின்றன. மோசடிக்காரர்களுக்காக வாதாட வேண்டாம் என்று அப்போது வசனங்கள் இறங்கின (4:105–112). யூதர் குற்றமற்றவர், குற்றவாளி நம்மவன். இஸ்லாமிய சமூகம் இளந்தளிராக இருந்த நேரத்தில், எதிரிகள் சிரிப்பார்களே என்று அல்லாஹ் அதை மறைக்கவில்லை. எதிரிக்கு ஆயுதம் தருவது நாம் செய்யும் அநீதி. அதை எழுதும் பேனா அன்று. வீட்டில் தீப்பிடித்திருக்கிறது என்று கூவியவனை விட்டுவிட்டுத் தீயை அணைப்பவனே புத்திசாலி.

இந்த விவாதத்தின் முடிவான தீர்ப்பு சூரத்துன் நிஸாவின் 135 ஆம் வசனத்தில் இருக்கிறது. நீதியில் உறுதியாக நின்று, அல்லாஹ்வுக்காகச் சாட்சி சொல்பவர்களாக இருக்கும்படி முஃமின்களுக்கு அங்கே கட்டளை. அச்சாட்சி உங்களுக்கோ, பெற்றோருக்கோ, உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரி. சம்பந்தப்பட்டவர் செல்வந்தராயினும் ஏழையாயினும் சரி. இதில் ஜமாஅத்துக்கு விலக்கு உண்டா? ஊர் மானத்துக்கு விலக்கு உண்டா?

எழுதுவோருக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் (5:8) என்பது உங்களுக்கும் பொருந்தும். ஒருவன் செய்ததை ஊரே செய்ததாக எழுதுவதும், கைதட்டலுக்காகக் கூட்டிச் சொல்வதும் பொய்ச்சாட்சியே. பட்ட காயத்தை எழுதுங்கள். படாத காயத்தை வரையாதீர்கள்.

இனி, அந்த நோட்டுக்குத் திரும்புகிறேன். அதில் ஒரு வரி என்னைப் பற்றியது. ஜமாஅத் கூடிய அன்று ஹஜ்ரத்தும் அங்கே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாள். உண்மைதான். துஆ ஓத அழைத்தார்கள், ஓதினேன். பிறகு ஓரமாக அமர்ந்திருந்தேன். அவளை ஏன் அழைக்கவில்லை என்று கேட்க எனக்கு நாவு இருந்தது, இல்மும் இருந்தது. சம்பளம் தரும் நிர்வாகத்தை எதிர்த்துப் பேசும் துணிவுதான் இல்லாமல் போயிற்று. அந்த ஒரு வரியைப் படிக்காமல் இருந்திருந்தால், நான் செய்தது அநீதி என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கும். நாற்பது ஆண்டுகளாக ஓதிய வசனம் உணர்த்தாததை, அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் எழுதிய வரி உணர்த்தியது.

கனஃபானியின் கதையில் தொட்டிக்குள் இருந்தவர்கள் சுவரைத் தட்டவில்லை. எங்கள் மஹல்லாவில் அவள் தட்டிவிட்டாள். தட்டும் சத்தம் வெளியே கேட்கிறதே என்று நாம் வெட்கப்படுகிறோம். உள்ளே மூச்சுமுட்டுகிறதே என்று வெட்கப்படவில்லை.

மறுநாள் அந்தப் பெரியவர்களிடம் நோட்டைக் கொடுக்கவில்லை. அவளுடைய வீட்டுக்குச் சென்று, அவளுடைய வாப்பாவின் முன்னிலையில் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். “உம்மா, உன் வரி உண்மை. அதை மாற்றாதே” என்றேன். இரு தரப்பையும் அழைத்து மறுபடி விசாரிக்கும்படி ஜமாஅத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறேன். இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. நகைகளும் வரவில்லை.

குடும்பத் தலைவர்களிடம் நான் வேண்டுவது ஒன்று. வாரத்தில் ஓர் இரவாவது, இஷாவுக்குப் பின், கைப்பேசிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, பிள்ளைகளோடு அமர்ந்து வயதுக்கேற்ற ஒரு கதையையோ சுயசரிதையையோ படியுங்கள். இதில் அநீதி இழைக்கப்பட்டவர் யார் என்று கேளுங்கள். பிள்ளைகள் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். இழைத்தவர் யார் என்று கேளுங்கள், அதையும் சொல்வார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் யார் என்று மூன்றாவதாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் தலைகுனிவோம். அந்தத் தலைகுனிவிலிருந்துதான் நீதி தொடங்குகிறது.

யா அல்லாஹ், எங்களுக்கு எதிராக இருந்தாலும் உண்மையைச் சொல்லும் நாவையும், அதைக் கேட்கும் செவியையும் எங்களுக்குத் தந்தருள்வாயாக. அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கு நாங்கள் இலக்காகிவிடாமல் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.